இடிக்குமுன் தட்டிப் பாருங்கள்

தோட்டப்புறத்தில் ஒரு பழைய கட்டிடம் ஒழுகத் தொடங்கினால் முதலில் எழும் குரல் "இடித்துத் தள்ளுங்கள்" என்பதாகவே இருக்கிறது. பள்ளிக்கூடமாயினும் சரி, ஆயாக் கொட்டகையாயினும் சரி, சங்கக் கூட்டம் நடக்கும் பொது மண்டபமாயினும் சரி, கதை ஒன்றுதான். ஒரு குத்தகைக்காரர் காரில் வந்து இறங்குவார். வாசலில் நின்றபடியே மேலும் கீழும் பார்ப்பார். "இது இனித் தாங்காது" என்பார். அவர் சொன்னதை வாரியத்தார் நிர்வாகத்திடம் சொல்வார்கள்; நிர்வாகம் தலையை ஆட்டும். இன்னும் எத்தனையோ வருஷம் நிற்கக்கூடிய மரம் ஒரே பகலில் லாரியில் ஏறிப் போய்விடும். அந்த மரத்துக்கு யார் விலை வாங்கினார்கள் என்று கேட்பார் இல்லை.

இந்த வழக்கத்தை நாம் நிறுத்தியாக வேண்டும் என்பது என் கட்சி. பழைய கட்டிடத்தை எதைக் கொண்டு கட்டினார்களோ அதைக் கொண்டே பழுது பார்க்க வேண்டும்: மரத்துக்கு மரம், சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு, ஓட்டுக்கு ஓடு. அந்த வேலையை, அது தெரிந்த உள்ளூர்க் கைகளுக்குக் கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். தோழர்கள் பொறுமையோடு படித்து, மறுப்பிருந்தால் தாராளமாக எழுதுங்கள்.

பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட முதலாளி பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. அப்படிச் சட்டத்தின் பேரில் எழுந்த சிறிய கட்டிடங்களில்தான் நம் பாட்டன்மாரும் தகப்பன்மாரும் அ, ஆ படித்தார்கள். 1957-ல் நாடு சுதந்திரம் பெற்றபோது தமிழ்ப் பள்ளிகள் 888 இருந்தன. இன்று ஏறத்தாழ 530. காணாமற்போன அத்தனையும் கட்டிடம் விழுந்ததால் போனவை அல்ல. தோட்டம் துண்டாடப்பட்டதால் போனவை உண்டு. வீடமைப்புக்கு நிலம் விற்கப்பட்டதால் போனவை உண்டு. ஜனங்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்ததால் போனவையும் உண்டு. அவையெல்லாம் நம் கைக்கு எட்டாத காரியங்கள் என்றே வைத்துக்கொள்வோம். கட்டிடம் நம் கைக்கு எட்டும் காரியம். "ஆபத்தான கட்டிடம்" என்று ஒரு காகிதம் வந்துவிட்டால் பிள்ளைகளைக் கேபின் பெட்டிகளில் உட்கார வைக்கிறார்கள். கேபின் தற்காலிகம் என்பார்கள். தற்காலிகம் எத்தனை வருஷம் என்று எழுதிக் கொடுக்கமாட்டார்கள். அதற்குள் பெற்றோர் சிலர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். எண்ணிக்கை குறைந்த பள்ளிக்குப் புதுக் கட்டிடம் எதற்கு என்ற கேள்வி அடுத்து வரும்.

பேராக்கில் நான் வேலை செய்யும் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் இப்போது இந்த விவகாரம்தான் நடக்கிறது. போருக்கு முன் கட்டிய பள்ளி. இடுப்பளவு செங்கல் சுவர், அதற்கு மேல் பலகை, பலகைக்கு மேல் காற்று வர மரச் சட்டம், ஓட்டுக் கூரை, நீளத்துக்கும் ஒரு தாழ்வாரம். குத்தகைக்காரர் கொடுத்த கொட்டேஷனில் ஒரே வரி: பழையதை அகற்றுதல். அதற்கடுத்து இரும்புச் சட்டம், தகடு, சிமெண்டு என்று இரண்டு பக்கம். வாரியத்தில் இருக்கும் ஓர் அண்ணன் அதை என்னிடம் காட்டி, "கிராணி, கணக்குச் சரியா என்று பார்" என்றார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணனும் நானும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு சிறு சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனோம். தூண் தூணாகத் தட்டினோம். உள்ளே நல்ல மரமாக இருந்தால் சத்தம் கெட்டியாகக் கேட்கும்; கறையான் தின்றிருந்தால் டப்பாவைத் தட்டியதுபோல் கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை அழுத்தினோம். செக்ரோல் எழுதிப் பழகிய கை அல்லவா? தூண்களுக்கு நம்பர் போட்டு ஒரு தாளில் பிரட்டு எடுத்தேன். இருபத்திரண்டு தூண்கள். பதினாறு முழுநாள். ஐந்துக்கு அடி மட்டும் இற்றிருந்தது. ஒன்று மட்டும் முழுக்கப் போய்விட்டது. அதுவும் உடைந்த பீலியின் கீழே பல வருஷமாக மழைத் தண்ணீரில் நின்ற தூண். ஆக, வெள்ளிக்காசு பெறாத ஒரு தகரப் பீலியைச் சரி செய்யாததுதான் அந்தத் தூணைக் கொன்றது. குத்தகைக்காரரோ இருபத்திரண்டையும் சேர்த்துத் தாங்காது என்று எழுதிவிட்டார்.

அந்தத் தூண்கள் செங்கால் மரம். (அச்சுக்கோப்பவர் இதைச் செங்கல் என்று திருத்திவிட வேண்டாம், இது கல் அல்ல, மரம்.) தீபகற்ப மலேசியாவிலும் தாய்லாந்தின் தென்கோடியிலும் மட்டுமே வளரும் மரம் இது. காற்றில் உலர்ந்த பிறகும் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் நிற்கும். மருந்து எதுவும் போடாமலே கறையானுக்கும் பூஞ்சணத்துக்கும் நெடுங்காலம் ஈடு கொடுக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் பாலத்துக்கும் படகுக்கும் வீட்டுத் தூணுக்கும் அதைத் தேடினார்கள். இன்று மரக்கடையில் அதன் விலையைக் கேட்டால் நம்மவருக்கு மயக்கம் வரும். அவ்வளவு விலையுள்ள மரத்தை, "அகற்றுதல்" என்ற ஒரு சொல்லில் அடக்கி, அகற்றும் கூலியையும் நம்மிடமே வாங்கிக்கொண்டு ஒருவர் ஏற்றிப் போகப் பார்க்கிறார். கிராணி என்ற முறையில் எனக்கு இந்த இடத்தில்தான் முதலில் கோபம் வந்தது.

அடி இற்ற தூணுக்கு என்ன வழி? தச்சுத் தெரிந்தவர்களுக்கு இது புதிய காரியமே அல்ல. கூரையை முட்டுக் கொடுத்துத் தாங்கி வைத்து, இற்ற பாகத்தை நல்ல மரம் வரும்வரை சரிவாக அறுத்து எடுப்பார்கள். அதே சரிவில் ஒரு புதுத் துண்டைச் செதுக்கிப் பொருத்தி, மர ஆணியோ இரும்புப் போல்ட்டோ போட்டு இறுக்குவார்கள். கீழே மண்ணைத் தொடாமல் ஒரு செங்கல் மேடையோ கல் மேடையோ கட்டி, அதன் தலையில் ஒரு தகட்டை விளிம்பு கீழே மடங்கும்படி வைத்து, அதன்மேல் தூணை நிறுத்துவார்கள். கறையான் வந்தால் அந்தத் தகட்டைச் சுற்றித்தான் மண்பாதை போட வேண்டும்; பாதை நம் கண்ணில் பட்டுவிடும். பால்வெட்டும் தோழர்களைக் கேட்கிறேன்: ஒரு பக்கத்துப் பட்டையில் பால் நின்றுபோனால் நீங்கள் மரத்தையா சாய்க்கிறீர்கள்? மறுபக்கத்துப் பட்டையைத் திறக்கிறீர்கள். தூணுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

அடுத்தது சுவர். அந்தப் பள்ளியின் செங்கல் சுவருக்குச் சில வருஷங்களுக்கு முன் யாரோ நல்லெண்ணத்தோடு சிமெண்டு பூசி எண்ணெய்ச் சாயம் அடித்திருக்கிறார்கள். இரண்டு மழைக்காலம் பளபளவென்று இருந்ததாம். பிறகு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, இப்போது கையால் தொட்டால் செங்கல் மாவாக உதிர்கிறது. இதற்குக் காரணம் உண்டு. பழைய செங்கல் மிருதுவானது. மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முன்னாளில் அதன்மேல் பூசிய சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சுவர் நனையும், உலரும், மறுபடி நனையும், உலரும். சிமெண்டோ கெட்டி. ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கிய ஈரத்திலுள்ள உப்பு செங்கல்லுக்குள்ளேயே பூத்து அதை உடைக்கிறது. சிமெண்டு நின்றுவிடும், பின்னாலிருக்கும் செங்கல் செத்துவிடும். இப்போது குத்தகைக்காரர் அந்த மாவைக் காட்டி, "பார்த்தீர்களா, பழைய செங்கல் உதவாது" என்கிறார்!

சுண்ணாம்புக்கு நாம் எங்கே போவது என்று கேட்பீர்கள். பேராக்கில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? ஈப்போவைச் சுற்றிக் கிந்தாப் பள்ளத்தாக்கில் நிற்கும் வெள்ளைக் குன்றுகள் அத்தனையும் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லைச் சூளையில் 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. தண்ணீரில் போட்டால் கொதித்து நீறிப் போகும். நீறிய சுண்ணாம்பைத் தண்ணீர் மூடியபடி வாரக்கணக்கில் ஊறவிட்டால், வெற்றிலைப் பெட்டியில் பாட்டிமார் வைத்திருக்கும் சுண்ணாம்பைப்போல் வெண்ணெயாகத் திரளும். அதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு நல்ல மணல் கலந்து, மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச வேண்டும். உடனே வெயிலில் காயவிடக்கூடாது. ஈரச் சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இழுத்து அது மறுபடி கல்லாகிறது. அவசரக்காரருக்கு இந்த வேலை ஒத்துவராது. நீண்ட பள்ளி விடுமுறையைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். இன்னொன்று: சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். கண்ணாடியும் கையுறையும் கொடுக்காமல் யாரையும் அந்தத் தொட்டியருகே நிற்கவிடக்கூடாது. இதைச் சங்கக் கிளைகள் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் ஒருமுறை பினாங்குக்குப் போய் வரட்டும். லீத் தெருவில் சியோங் பாட் சே என்ற சீன வணிகப் பிரபுவின் நீல மாளிகை இருக்கிறது. 1989-ல் சிலர் சேர்ந்து அதை வாங்கி, இடிபடாமல் காப்பாற்றிப் பல வருஷம் பழுது பார்த்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் அவுரி நீலம் கலந்த சுண்ணாம்புச் சாயமும்தான். 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது அதற்குக் கிடைத்தது. "அது கோடீசுவரர் வீடு, நமக்கு எதற்கு?" என்று கேட்டால் இன்னொன்று சொல்கிறேன். அதே பினாங்கில் சபோக் மாளிகை என்று ஒன்று உண்டு. கடந்த நூற்றாண்டில் அது பல காலம் ஒரு பள்ளிக்கூடத்தின் பகுதியாகவே இருந்தது. பிறகு ஆபத்தானதென்று கைவிடப்பட்டுக் கூரை விழுந்து காடு மண்டிக் கிடந்தது. அதையும் எழுப்பி நிறுத்தினார்கள். 2008-ல் யுனெஸ்கோ விருது வாங்கிற்று. கூரை இழந்த மாளிகையை எழுப்ப முடியுமென்றால், ஐந்து தூணின் அடி இற்றுப்போன நம் பள்ளியை எழுப்ப முடியாதா? பணம் வேறு, அளவு வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைவேலை ஒன்றுதான்.

கூரையைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தகட்டுக் கூரையின் கீழே மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். மழை பெய்தால் வாத்தியார் வாயசைவைப் பார்த்துத்தான் பாடம் படிக்க வேண்டும். ஓடு சூட்டை மெதுவாக வாங்குகிறது. மழைச் சத்தத்தை அடக்குகிறது. உடைந்தால் உடைந்த ஓட்டை மட்டும் மாற்றலாம். இடிபடும் பழைய பங்களாக்களிலிருந்து அதே அச்சு ஓட்டைச் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம். சில பள்ளிகளில் பிற்காலத்தில் ஓட்டை எடுத்துவிட்டு அஸ்பெஸ்டாஸ் தகடு போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் தயவுசெய்து நம் இளைஞர்கள் சுத்தியலோடு ஏறி உடைக்க வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயைக் கொண்டு வரும். அது பயிற்சி பெற்றவர்கள் முகமூடியோடு செய்ய வேண்டிய வேலை. அந்தச் செலவை நிர்வாகத்தின் கணக்கில் வைக்கும்படி கேளுங்கள்.

பழைய முறை என்றால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தலையில் வைத்துக் கொண்டாடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். அத்தாப்புக் கூரைக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். அது குளுமைதான். ஆனால் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு பொறி பட்டால் பள்ளியே சாம்பல். மின்சாரக் கம்பிகளைப் புதிதாகத்தான் இழுக்க வேண்டும். கழிப்பறைக்கும் சமையற்கட்டுக்கும் சிமெண்டும் ஓட்டுக்கல்லும்தான் சரி. மரக் கட்டிடத்தில் பிள்ளைகள் படிப்பதால் தீயணைப்பு இலாகா சொல்லும் வாசல், அணைப்பான் எல்லாம் குறைவின்றி இருக்க வேண்டும். பொதுப்பணி இலாகாவோ பதிவு பெற்ற பொறியியலாளரோ பார்த்துக் கையெழுத்திடாமல், நானும் அண்ணனும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்ததை மட்டும் நம்பிப் பிள்ளைகளை உட்கார வைக்கவும் முடியாது. எங்கள் தாள் பொறியியலாளரை அழைப்பதற்கான காரணம் மட்டுமே.

இந்த யோசனையைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது எல்லாரும் கை தட்டிவிடவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா, இன்னமும் நிரையில் நின்று பால் வெட்டுகிறவர், எழுந்து கேட்டார்: "கிராணி ஐயா, நான் அந்தப் பலகைப் பள்ளியிலே படிச்சுட்டுத்தான் இந்தக் கத்தியைப் பிடிச்சேன். என் பேத்தியும் அந்தப் பலகைக்குள்ளேயே உட்காரணுமா? பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மாடிப் பள்ளி, எங்களுக்கு மட்டும் பலகையா?" கூட்டம் ஒரு நிமிஷம் மௌனமாகிவிட்டது. இந்தக் கேள்வியை அலட்சியம் செய்கிறவன் தொழிலாளியின் மனத்தை அறியாதவன். லயத்துப் பலகையும் தகரமும் நம் ஜனங்களுக்குக் கூலி என்ற சொல்லோடு ஒட்டிய பொருள்கள். கான்கிரீட் என்பது அவர்களுக்குக் கட்டிடம் மட்டுமல்ல, "நாங்களும் மனிதர்கள்" என்பதற்கு ஓர் அத்தாட்சி.

அக்காவுக்கு நான் அங்கே சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். நம்மைத் தாழ்த்தியது பலகை அல்ல. ஒழுகிய கூரையை மூன்று வருஷம் ஒழுகவிட்டது, அறுபது பிள்ளைக்கு ஒரு வாத்தியார் வைத்தது, ஆறாம் வகுப்புக்கு மேல் வழியில்லாமல் வைத்தது, இவைதான் தாழ்த்தின. துரையின் பங்களாவும் அதே செங்கால் தூணிலும் அதே ஓட்டிலும்தான் நின்றது. அங்கே வருஷா வருஷம் எண்ணெய் பூசினார்கள், பீலியைத் துடைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கவனிப்பு வரவில்லை. இன்று பணக்காரர்கள் பழைய மர வீட்டை விலைக்கு வாங்கிப் பிரித்துக்கொண்டு போய், கடற்கரையில் ஓட்டலாக நிறுத்துகிறார்கள். அதே மரம் நம் பிள்ளைகள் தலைக்கு மேல் இருந்தால் மட்டும் ஏழ்மையாகிவிடுமா? பலகைப் பள்ளியில் நல்ல மேசை, விளக்கு, நூல் நிலையம், கணினி எல்லாம் இருக்கலாம். அவை வேண்டும் என்று நாம் ஒரே குரலில் கேட்க வேண்டும். அக்கா முழுக்கச் சமாதானமாகிவிட்டார் என்று சொல்லமாட்டேன். "முதலில் அந்த மேசையைக் கண்ணில் காட்டுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். நியாயமான வார்த்தை.

மேசை என்றதும் நம் மரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1877-ல் பேராக்கின் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அன்று முதல் அந்த மரத்தின் பாலை மட்டுமே உலகம் மதித்தது. இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டிப் புகைக் கொட்டகையில் விறகாக எரித்தோம், கரியாகச் சுட்டோம். அந்த மரத்துக்கு ஒரு மானம் கிடைத்தது 1980-களில்தான். அறுத்த சில நாட்களுக்குள் போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தினால் அது அழகான வெளிர் மரம் என்று கண்டுகொண்டார்கள். அப்படிச் செய்யாவிட்டால் நீலம் பாய்ந்து, வண்டு துளைத்து வீணாகிவிடும். இன்று மூவாரில் செய்து கப்பலேறும் நாற்காலி மேசைகளில் பெரும்பாகம் நம் ரப்பர் மரம். நம் பாட்டிமார் வெட்டிய மரத்தின் கட்டில் எங்கோ அமெரிக்காவில் ஒரு வீட்டில் கிடக்கிறது. அவர் பேரன் படிக்கும் வகுப்பில் பிளாஸ்டிக் நாற்காலி!

ஆகவே பள்ளியின் மேசை, நாற்காலி, அலமாரி, உள்கதவு, உள்பக்கத் தடுப்புப் பலகை ஆகியவற்றை மருந்தேற்றிய ரப்பர் மரத்தில் செய்யச் சொல்லுங்கள். தூணுக்கும் வெளிச்சுவருக்கும் அது கூடாது. ஒரு கன மீட்டர் 600 கிலோ அளவுள்ள இலகுவான மரம்; மழையும் மண்ணும் பட்டால் தாங்காது. ஆசையால் அதை வெளியே வைத்துவிட்டு இரண்டு வருஷத்தில் கறையானுக்குப் படையல் போட வேண்டாம். மரக்கடைக்காரரிடம் என்ன மருந்து ஏற்றியது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்; பிள்ளைகளின் கை படும் பொருள்.

இவ்வளவு வேலைக்கும் ஆள் எங்கே? ஆணி இல்லாமல் மரத்தை மரத்தோடு கோத்து வீடு நிறுத்தும் மலாய்த் துக்காங் இன்னமும் கம்போங்குகளில் இருக்கிறார். வயதாகிவிட்டது, ஆனால் இருக்கிறார். நம் தோட்டங்களில் வேலை செய்யும் இந்தோனேசியத் தோழர்களில் ஊரில் தச்சு பார்த்தவர்கள் உண்டு. அவர்களை நாம் பாரம் தூக்குகிறவர்களாக மட்டுமே பார்க்கிறோம். ஒர்க்‌ஷாப்பில் பழகிய நம் பையன்களில் இரண்டு மூன்று பேரை அந்தத் துக்காங்கோடு உதவிக்கு நிறுத்த வேண்டும். ஒரு பள்ளி முடிவதற்குள் அவர்கள் தூண் ஒட்டவும், சுண்ணாம்பு பூசவும், ஓடு மாற்றவும் கற்றுவிடுவார்கள். அடுத்த தோட்டத்துக் கட்டிடத்துக்கு நாம் பட்டணத்தில் ஆள் தேட வேண்டியிராது. செலவு குறையும் என்று நான் உறுதி கூறமாட்டேன்; நல்ல மரம் விலை அதிகம், கைவேலைக்கு நாள் அதிகம். ஆனால் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி சாமானுக்குப் போகாமல் கூலியாக உழைப்பவன் வீட்டுக்குப் போகும். அந்தக் கூலியைச் சட்டப்படி, சேமநிதியும் சொக்சோவும் கட்டிக் கொடுக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "கோத்தோங் ரோயோங் செய்துவிடலாமே" என்று சில நிர்வாகங்கள் இனிமையாகப் பேசும். குப்பை அள்ளவும், புல் வெட்டவும், கடைசியில் சுண்ணாம்புச் சாயம் அடிக்கவும் நாம் குடும்பத்தோடு சந்தோஷமாக வருவோம். ஆனால் நிர்வாகம் செய்ய வேண்டிய பராமரிப்பை நம் ஞாயிற்றுக்கிழமை வியர்வையில் முடித்துக்கொள்வதற்குப் பெயர் கோத்தோங் ரோயோங் அல்ல. ஆயாக் கொட்டகை, பொது மண்டபம் போன்ற வசதிகளைப் பற்றி 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் சட்டமே பேசுகிறது. அந்தப் புத்தகத்தைக் கிளை அலுவலகத்தில் வாங்கி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நிலம். தோட்டப் பள்ளிகளில் பல இன்னமும் கம்பெனி நிலத்தில் நிற்கின்றன. பகுதி உதவிப் பள்ளிகள் என்ற பெயரும் அவற்றில் பலவற்றுக்கு அதனாலேயே. ஊரார் பணம், அரசாங்க மானியம், துக்காங்கின் உழைப்பு அத்தனையையும் கொட்டி அழகாக நிறுத்திய பின், தோட்டத்தை வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டோம் என்று ஒரு கடிதம் வந்தால்? அப்போது செங்கால் தூண் நமக்குச் சாட்சி சொல்ல வராது. முதல் செங்கல்லை எடுக்குமுன் பள்ளி நிலத்தைப் பள்ளிக்கு மாற்றித் தரவோ, நீண்ட கால வாடகைக்கு எழுதித் தரவோ கம்பெனியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வாய் வார்த்தை வேண்டாம். அடுத்த தோட்டத்து நிர்வாகம் இதுவரை "யோசிக்கிறோம்" என்றுதான் சொல்லியிருக்கிறது. யோசனை எழுத்தில் வரும்வரை பழைய கட்டிடத்தை இடிக்கவும் விடக்கூடாது என்று வாரியத்தாரிடம் சொல்லியிருக்கிறேன். இடித்த பிறகு நம் கையில் பேரம் பேச ஒன்றுமிராது.

வாரியம் மறுபடி கூடும்போது அந்த இருபத்திரண்டு தூண்களின் தாளை மேசைமேல் வைக்கப்போகிறோம். புதுக் கொட்டேஷன் ஒன்று கேட்கிறோம். எந்தத் தூண், எந்தப் பலகை, எத்தனை ஓடு என்று தனித்தனி வரியாக அதில் இருக்க வேண்டும்; கழற்றும் மரம் பள்ளிக்கே சொந்தம் என்றும் எழுதியிருக்க வேண்டும். இதற்கிடையில் அந்த ஒரு பீலியை மட்டும் அண்ணன் தன் கைப்பணத்தில் மாற்றிவிட்டார்.

ஐந்து தூணுக்கு அடித்துண்டும் ஒரு முழுத் தூணும் தேவைப்படுகின்றன. உங்கள் தோட்டத்தில் லயமோ புகைக் கொட்டகையோ இடிபட்டு, செங்கால் மரம் எங்காவது புல்லில் கிடந்தால், அதன் நீளத்தையும் கனத்தையும் அளந்து உங்கள் கிளைச் செயலாளரிடம் சொல்லி வையுங்கள். பழைய ஓடு இருந்தாலும் சொல்லுங்கள். அச்சு ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒன்றே ஒன்று அனுப்பினால் போதும்.